மூவாயிரம் டுகாட் எத்தனை பவுன்?

அன்புள்ள ஐயா,

பள்ளியில் படித்த ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தை மகளுக்காக மறுபடி வாசிக்கிறேன். ஷைலாக் கடன் கொடுக்கும் மூவாயிரம் டுகாட் நம் கணக்கில் எவ்வளவு என்று கேட்கிறாள். டுகாட்டும் ஃப்ளோரினும் ஒன்றுதானா?

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

டுகாட் ஒன்று சுமார் மூன்றரை கிராம், ஏறக்குறைய சுத்தத் தங்கம். மூவாயிரத்துக்குப் பத்தரை கிலோ, அதாவது 1,300 பவுனுக்கு மேல். (பவுன் என்று நாம் சொல்வதும் ஒரு ஐரோப்பியக் காசின் எடைதான், இங்கிலாந்து 1817இல் அடிக்க ஆரம்பித்த சவரன்.) ஆனால் மகளிடம் அப்படியே சொல்லிவிடாதீர்கள். நாடகம் எழுதப்பட்ட 1590களில் வெனிஸில் டுகாட் என்பது கணக்கு எழுதும் அலகாகவும் இருந்தது, தங்கக்காசுக்கு ஸெக்கினோ என்ற பெயர் வந்துவிட்டது, அதன் மதிப்பும் கணக்கு டுகாட்டைவிட அதிகம். ஆக, 1,300 என்பதை உச்சக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளோரின் வேறு ஊர்க்காசு. ஃப்ளாரன்ஸ் 1252இல் அடித்தது, ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் திருமுழுக்கு யோவான். வெனிஸ் 1284இல்தான் கிட்டத்தட்ட அதே எடையில் டுகாட்டைக் கொண்டுவந்தது.

எனக்குப் பிடித்த விஷயம் அதற்கப்புறம் நடந்தது, அல்லது நடக்காதது. டுகாட்டில் உள்ள படத்தில், வெனிஸ் நாட்டுத் தலைவரான டோஜ், புனித மாற்கின் முன் மண்டியிட்டுக் கொடி வாங்குகிறார். 1797இல் நெப்போலியன் அந்தக் குடியரசையே முடித்துவைக்கும் வரை, ஐந்நூறு வருடத்துக்கு மேல், டோஜின் பெயர் மட்டும் மாறியதே தவிர படம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. டிஷியன் ஓவியம் தீட்டிய ஊரில் காசில் மட்டும் அந்த விறைத்த பழைய பொம்மைகள்! சோம்பல் இல்லை, வியாபார புத்தி. அலெக்சாண்டிரியாவில் மிளகு விற்பவருக்கு லத்தீன் தெரியாது, பழகிய உருவம் தெரியும், அது மாறினால் உரைகல்லைத் தேடுவார். எகிப்தின் சுல்தான் பார்ஸ்பாய் 1425இல் தன் தங்கக்காசான அஷ்ரஃபியையே டுகாட் எடைக்கு ஒட்டித்தான் அடித்தார்.

வெனிஸ் டுகாட் மிளகுக்காக நம் பக்கமும் வந்து குவிந்தது. கொடிக்கம்பத்தைப் பனைமரம் என்றும் பக்கத்தில் இருப்பவரைப் பனையேறி என்றும் நினைத்து, அன்றைய சாதிப்பெயரில் 'சாணார் காசு' என்றே இங்கே அழைத்தார்கள். டோஜுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.