4294967297 பகா எண்ணா?

அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் பத்தாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் 4294967297 பகா எண்தானா என்று பார்க்க 3, 7, 11 என வரிசையாக வகுத்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவ்வளவு பாடு வேண்டாம். இது 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 சேர்ந்த எண். பகா எண் என்றே பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் காரணிகளாக உடைத்துக் காட்டினார்.

இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவதிலேயே சிக்கிவிடும்: 641 × 6700417.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். 641 = 5 × 128 + 1; அதுவே 625 + 16. சரி, 641-ஆல் வகுத்தால் 5 × 128-க்கு மீதி −1, அதாவது முழுதாக வகுபட ஒன்று குறைவு. 128 என்பது 2⁷; ஆகவே நான்காம் அடுக்கு எடுத்தால் 625 × 2²⁸-க்கு மீதி 1. 625 + 16 = 641 என்பதால், 625-க்குப் பதில் −16 போடச் சொல்லுங்கள்; 16 × 2²⁸ என்பது 2³². 2³²-க்கு மீதி −1 என்று வந்துவிடும்; அதோடு 1 சேர்த்தால் மீதி 0, ஆக 641 நம் எண்ணை முழுதாக வகுக்கும். அவள் பாடத்திலுள்ள மட்டு எண்கணிதமே, அதாவது மீதிகளை வைத்துக் கணக்கிடும் முறையே, இதற்குப் போதும்.