கடன் வாங்கிக்கொண்டு பூச்சி படிக்க வராதே, தம்பி

சிதம்பரத்தில் பி.எஸ்சி. விவசாயம் முடிக்கப் போகும் நீடாமங்கலத்துத் தம்பிக்கு,

அமெரிக்காவில் பூச்சியியல் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது, உதவித்தொகை பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, வங்கிக் கடன் போட்டுக் கிளம்பலாமா என்று கேட்டிருக்கிறாய். என்ன வேலை கிடைக்கும், குளிர் தாங்குமா, குக்கர் கொண்டுவரலாமா என்றும் கேட்டிருக்கிறாய்.

கிளம்பாதே. இந்த ஒன்றைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்.

நான் வலங்கைமான் பக்கம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் போனேன். அப்பா மூன்று மா நஞ்சையை அடமானம் வைத்தார். "போய்ச் சேர், அங்கே யாராவது எடுத்துக்கொள்வார்கள்" என்று எனக்கு முன்னால் போனவர்கள் சொன்னார்கள். எடுத்துக்கொள்வதாக மின்னஞ்சலில் சொன்ன பேராசிரியர், நேரில் போனதும் நிதி இல்லை என்று கைவிரித்துவிட்டார். இரண்டு பருவம் மாணவர் உணவகத்தில் தட்டுக் கழுவினேன். வீட்டுக்குப் பேசும்போது ஆய்வகத்தில் இருப்பதாகச் சொல்வேன். அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது.

பூச்சியியலில் ஆராய்ச்சி செய்து எம்.எஸ்., பிஎச்.டி. படிக்கிறவர்கள் அங்கே பெரும்பாலும் அசிஸ்டன்ட்ஷிப்பில்தான் படிக்கிறார்கள். வாரம் 20 மணி நேரம் பேராசிரியருக்கு வேலை செய்ய வேண்டும். படிப்புக் கட்டணம் தள்ளுபடியாகும், மாசச் சம்பளமும் வரும். அந்தப் பணம் அநேகமாக அவர் வாங்கி வைத்திருக்கும் ஆராய்ச்சி நிதியிலிருந்துதான் வரும். அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்காதே, ஆளைப் பார். நிதி யாரிடம் இருக்கிறது, எந்தப் பூச்சியில் வேலை செய்கிறார் என்று பார். எழுத்தில் உறுதி வராமல் விமானச்சீட்டு வாங்காதே.

அவருக்குக் கடிதம் எழுதுவதிலும் நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். "தங்கள் துறையில் மிகுந்த ஆர்வம் உள்ளது" என்று ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புகிறார்கள். எனக்கும் வாரம் இரண்டு வருகிறது. நீ வயலில் பார்த்ததை எழுது. பொங்கலுக்காக ஊருக்கு வந்திருக்கிறேன். இன்று காலை அப்பாவோடு வயலுக்குப் போனேன். சம்பா கதிர் வாங்கி நிற்கிறது, நடுவில் ஒரு இடம் மட்டும் வட்டமாகக் காய்ந்து, தீய்ந்த மாதிரி இருந்தது. அப்பா கதிரைப் பார்த்தார். நான் குனிந்து தூரை விலக்கினேன். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டோடு தண்டாகப் பழுப்பு நிறத்தில், நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. கை பட்டதும் பக்கவாட்டில் நகர்ந்தது. நடுவே, அதைப் பிடித்துத் தின்னும் ஓநாய்ச் சிலந்தி ஒன்று. சிலந்தி இல்லாத வயலில் தூரிலிருந்து கிளைக்கும் ஒரு சிம்புக்கு ஒரு புகையான் வந்தாலே மருந்தை யோசிக்க வேண்டும். ஒரு குத்துப் பயிருக்கு ஒரு சிலந்தி இருந்தால் சிம்புக்கு இரண்டு வரை பொறுக்கலாம். கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது சிலந்திதான், அப்புறம் புகையான் இரண்டு பங்காகத் திரும்பி வரும். எட்டு அடிக்கு ஒரு அடி இடைவெளி, அதாவது பட்டம், விட்டு நடச் சொல்வதும் தூரில் காற்றும் வெயிலும் படட்டும் என்றுதான். இதையெல்லாம் நீ சின்ன வயசிலிருந்து பார்த்தவன். சேற்றில் கால் வைத்த பிள்ளை என்று அந்தப் பேராசிரியருக்குத் தெரிந்தால் கடைசி வரை படிப்பார்.

இன்னொன்று, கார் ஓட்டக் கற்றுக்கொண்டு வா. இதை எனக்கு யாருமே சொல்லவில்லை. நான் போனது மக்காச்சோளம் விளையும் மாநிலம். சோதனை வயல் நூறு மைலுக்கு அப்பால், பஸ் கிடையாது. அங்கே ஆராய்கிற பூச்சி, மக்காச்சோள வேரைத் தின்னும் வேர்ப்புழு. அதன் வண்டு ஜூலை, ஆகஸ்டில்தான் மும்முரமாக இருக்கும். நான் ஆகஸ்ட் நடுவில் இறங்கினேன். இரண்டு மாதத்தில் உறைபனி வந்துவிட்டது, முட்டை மண்ணுக்குள் போய்விட்டது. அடுத்த பருவத்துக்கு ஒன்பது மாதம் காத்திருந்தேன். அந்த ஒன்பது மாதத்தில் லைசென்ஸ் எடுத்து, பழைய வண்டி ஒன்று வாங்கி, பனியில் ஓட்டப் பழகினேன். மறு வருஷம் எனக்குச் சம்பளம் கொடுத்து எடுத்துக்கொண்ட பேராசிரியர் முதலில் கேட்ட கேள்வி, "வண்டி ஓட்டுவாயா?" என்பதுதான்.

வேலை விஷயம். மத்திய விவசாயத் துறை, துறைமுகத்தில் பூச்சி அடையாளம் காணும் பணி இவையெல்லாம் அநேகமாகக் குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான். அதை நம்பி வராதே. விவசாயிகளுக்கு வழிகாட்டும் பல்கலைக்கழக விரிவாக்கப் பணி, விதை நிறுவனங்களின் கள ஆராய்ச்சி, கொசு ஒழிப்பு மாவட்டங்கள் என்ற உள்ளூர் அரசு அமைப்புகள், பயிர்ப் பூச்சியை அழிக்கும் ஒட்டுண்ணிகளை வளர்த்து விற்கும் நிறுவனங்கள் இங்கெல்லாம் வழி உண்டு. ஊரிலேயே புதுச்சேரியில் கொசு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் உன் வீட்டிலிருந்து அதிகத் தொலைவும் இல்லை. அதைத் தாழ்வாக நினைக்காதே. அமெரிக்காவில் பொங்கல் விழாவுக்குப் போனால், "பூச்சி மருந்து அடிக்கிற படிப்பா?" என்று நம் கம்ப்யூட்டர்காரர்கள் கேட்பார்கள். அவர்களைப் பார்த்துப் பாதியில் துறை மாறிய மூன்று பேரை எனக்குத் தெரியும். மூன்று பேருமே நல்ல கண் உள்ளவர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

குளிர் பழகிவிடும். குக்கர் அங்கேயே கிடைக்கும். ஆனால் பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்காதே. நான் இப்போது புளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டங்களில் பார்க்கும் வேலையே அதனோடு சம்பந்தப்பட்டது. சில்லிட் என்று எள்ளளவுப் பூச்சி, கறிவேப்பிலைக் கொழுந்திலும் வளரும். 1998இல் அங்கே தென்பட்டது, 2005இல் அது பரப்பும் பச்சையாதல் நோய், ஆரஞ்சு மரத்தையே பட்டுப்போக வைப்பது, தெரிந்தது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலத்தில் 2022-23இல் 1.6 கோடிப் பெட்டிகூட வரவில்லை. மரம் வெட்டிய தோட்டக்காரர் ஒருவர் என் முன்னால் அழுதிருக்கிறார். முப்போக விளைச்சல் பொய்த்துப்போன வருஷங்களில் எங்கள் தெருப் பெரியவர்கள் அழுததைப் பார்த்தவள் நான், அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பேராசிரியருக்கு எழுதும் கடிதத்தை முதலில் எனக்கு அனுப்பு. தை பத்து வரை வலங்கைமானில்தான் இருப்பேன். முடிந்தால் ஒருநாள் காலையில் வந்துவிடு, வயலுக்குப் போவோம்.