மரவேதி – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொலம்பஸின் முதல் பயணத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். கரையை முதலில் பார்ப்பவருக்கு ஆண்டுக்கு 10,000 மரவேதி தருவதாக ஸ்பெயின் அரசர்கள் அறிவித்திருந்தார்களாம். ஸ்பானிய மொழியில் 'மரவிய்யா' என்றால் அதிசயம். காசின் பெயர் அதிலிருந்து வந்ததா? 10,000 பெரிய தொகையா?

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

காதுக்கு அப்படித்தான் கேட்கிறது. ஆனால் மரவிய்யா லத்தீன் வழி வந்த சொல். மரவேதி அரபு வழி வந்தது.

11ஆம் நூற்றாண்டில் சகாரா பக்கமிருந்து வட ஆப்பிரிக்கப் பழங்குடிகளான பெர்பெர்களின் வம்சம் ஒன்று கிளம்பியது. அரபியில் அவர்கள் அல்-முராபிதூன். 'ரிபாத்' எனப்படும் எல்லைக் கோட்டைகளில் காவலும் வழிபாடுமாக இருப்பவர் முராபித். மொராக்கோவின் தலைநகர் ரபாத்தின் பெயரும் இதே வேர்தான். இவர்கள் 1086இல் ஸ்பெயினின் கிறிஸ்தவ நாடான காஸ்டீலின் அரசர் ஆறாம் அல்ஃபோன்சோவைத் தோற்கடித்தார்கள், அப்புறம் தெற்கு ஸ்பெயினையே பிடித்தார்கள். மேற்கு ஆப்பிரிக்கத் தங்கத்தில் அவர்கள் அடித்த தினாருக்கு எங்கும் மதிப்பு. 'முராபிதீ', அதாவது முராபித்துகளின் காசு, ஸ்பானிய வாயில் மரவேதி ஆகிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பிறகு நடந்தது. தென்கிழக்கு ஸ்பெயினின் முர்சியாவை ஆண்ட முஸ்லிம் அரசர் இப்னு மர்தனீஷ் 1172இல் இறந்ததும், அங்கிருந்து வடக்கே காஸ்டீலுக்குப் போய்க்கொண்டிருந்த தங்க தினார் நின்றுபோனது. காஸ்டீலின் எட்டாம் அல்ஃபோன்சோ தன் நகரமான டொலேடோவில் தானே அடிக்கத் தொடங்கினார். எழுத்து முழுக்க அரபி! வியாபாரிகளுக்குப் பழகிய முகம் அதுதானே. ஆனால் மேலே ஒரு சிலுவை, கீழே லத்தீனில் அரசர் பெயரின் முதல் மூன்றெழுத்து. அரபி வாசகத்தில் ரோமாபுரிப் போப், கிறிஸ்தவத் திருச்சபையின் 'இமாம்'. அரசர், கத்தோலிக்கர்களின் 'அமீர்', அதாவது தலைவர். எதிரியின் பெயரில் வழங்கிய காசை அவன் மொழியிலேயே அடித்து, அதற்குள் தன் மதத்தைச் சொல்லியிருக்கிறார். இதை எழுதிக் கொடுத்த எழுத்தர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர்.

சரி, 10,000க்கு வருவோம். மரவேதியில் தங்கம் போய் வெள்ளி வந்தது, பிறகு வெள்ளி கலந்த செம்பு, கடைசியில் வெறும் செம்பு. கொலம்பஸ் காலத்தில் அது பெரும்பாலும் கணக்கெழுதும் அலகுதான். 1497 நாணயச் சீர்திருத்தத்தின்படி 34 மரவேதி ஒரு வெள்ளி ரியால், 375 மரவேதி ஒரு தங்க டுகாட். ஆக, 10,000 என்பது 26 தங்கக் காசும் சில்லறையும். அரசருக்கு அற்பம், கப்பல்காரனுக்கு, அதுவும் ஆண்டுதோறும் ஆயுள் முழுக்க என்றால், நல்ல தொகை.

கரையைக் கண்டு கூவியவர் ரோட்ரிகோ தெ த்ரியானா என்ற மாலுமி. அதற்குச் சில மணி நேரம் முன்பே தான் ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததாகச் சொல்லி, அந்தப் பணத்தைக் கொலம்பஸ் வாங்கிக்கொண்டார்.