மீதியை வெள்ளித்திரையில் காண்க

கேள்வி: எனக்கு வயது 26. ஒவ்வொரு டிசம்பரிலும் சென்னைத் திரைப்பட விழாவுக்குப் பாஸ் எடுத்துவிடுவேன். எந்தப் படத்துக்கும் ட்ரெய்லர் பார்க்க மாட்டேன். ஒன்றும் தெரியாமல் போய் உட்காருவதுதான் எனக்குப் பிடிக்கும். சென்ற முறை அண்ணனையும் வற்புறுத்தி அழைத்துப் போனேன். அவருக்குக் கன்டெய்னர் யார்டில் தினக்கூலி வேலை. அரை மணி நேரத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். "இரண்டு நிமிடம் ட்ரெய்லர் பார்த்திருந்தால் ஒரு நாள் கூலி மிஞ்சியிருக்கும்" என்று இன்றும் சொல்லிக் காட்டுகிறார். நான் செய்வது வீம்பா?
– வாசகி, காசிமேடு

பதில்: வீம்பு இல்லை, தங்கையே. ஆனால் அண்ணன் விஷயத்தில் தவறு உங்கள் மேல்தான். இரண்டையும் தனித்தனியாகப் பேசுவோம்.

நான் வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவள். மகாராணி தியேட்டருக்குப் போகும்போதெல்லாம் அப்பா பாட்டுப் புத்தகம் வாங்கித் தருவார். மெல்லிய தாள், நடுவில் ஒரே ஒரு பின், விரலில் ஒட்டிக்கொள்ளும் மை. முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். கதாநாயகி வீட்டை விட்டு வெளியேறுவாள், அவள் அண்ணன் மீது கொலைப்பழி விழும், அந்த இடத்தில் சட்டென்று நின்றுவிடும்: 'மீதியை வெள்ளித்திரையில் காண்க.' படத்துக்கு வராத அத்தை அந்த வரியில் விரலை வைத்தபடி, "அப்புறம் என்னடி ஆயிற்று?" என்று என்னைப் பிடித்துக்கொள்வார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அதை எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய ட்ரெய்லர்கள் பலவற்றில் அந்த அடக்கம் இல்லை.

கதை தெரிந்துவிட்டால் ரசனை கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. திரௌபதியின் துகில் வளர்ந்துகொண்டே போகும் என்று தெரிந்தேதான் நம் மக்கள் விடிய விடியக் கூத்துப் பார்த்தார்கள். 2011-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து ஆய்வாளர்கள் சிறுகதைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவை முன்பே தெரிந்துகொண்டு படித்தவர்கள் பெரும்பாலும் கூடுதலாகவே ரசித்தார்கள். ஆகவே வரிசையில் நிற்கும்போது யாராவது கதையைச் சொல்லிவிட்டால் அதற்காக மனம் ஒடிந்து திரும்பிவிடாதீர்கள்.

ட்ரெய்லர் கெடுப்பது வேறொன்றை. மஞ்சள் சட்டை போட்ட ஒரு சிறுமி பாலத்தில் ஓடுவதை அதில் பார்த்துவிட்டோம் என்று வையுங்கள். படம் தொடங்கிய பிறகு மனது அந்தப் பாலத்துக்காகவே காத்திருக்கும். இன்னும் வரவில்லையே, இன்னும் வரவில்லையே என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கண் முன்னால் அந்தச் சிறுமியின் அம்மா பேசாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பதை யார் பார்ப்பது?

விழாப் படங்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஹங்கேரி இயக்குநர் பேலா தாரின் 'த டூரின் ஹார்ஸ்' 2011-இல் வந்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் படத்தில் மொத்தமே 30 ஷாட்தான்; ஷாட் என்றால் நடுவில் வெட்டாமல் ஒரே மூச்சில் ஓடும் காட்சித் துண்டு. சராசரியாக ஒரு ஷாட்டுக்கு ஐந்து நிமிடம். வெளியே காற்று ஊளையிட, ஒரு தகப்பன் அவித்த உருளைக்கிழங்கைச் சூடு பொறுக்காமல் வெறுங்கையால் உரித்துத் தின்பதை நாம் அருகில் இருந்து பார்க்கிறோம். இரண்டு நிமிட ட்ரெய்லரில் அப்படி ஒரு ஷாட் முழுதாக அடங்குமா? வெட்டி ஒட்டித்தான் ஆக வேண்டும். வெட்டி ஒட்டினால் அது வேறு படம். உங்கள் அண்ணன் எழுந்து போன படம் எதுவென்று நீங்கள் எழுதவில்லை. மெதுவாக நகரும் படம் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் ட்ரெய்லர் அவரை எச்சரித்திருக்காது. ஆசை காட்டி இழுத்துத்தான் வந்திருக்கும்.

இனி உங்கள் தவறுக்கு வருகிறேன். தெரியாமல் போவது நீங்களாக விரும்பி எடுத்த முடிவு. அண்ணனுக்கு அந்த விருப்பம் இருந்ததா என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவரிடம் படம் எவ்வளவு நேரம், வேகமாகப் போகுமா, வசனம் நிறைய இருக்குமா என்று சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்று. விழாவில் வெளிநாட்டுப் படங்களுக்கு ஆங்கிலத்தில்தான் சப்டைட்டில் ஓடும். அந்த வேகத்துக்கு அண்ணனால் படிக்க முடிந்ததா? முடியவில்லை என்றால் அதைத் தங்கையிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார். "படம் சரியில்லை" என்றுதான் சொல்லியிருப்பார். இருட்டில் அரை மணி நேரம் எழுத்துக்கூட்டிக்கொண்டு, பக்கத்தில் தங்கை மெய்மறந்து உட்கார்ந்திருப்பதையும் பார்த்துக்கொண்டிருந்த மனிதரை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. கூலிப் பேச்சுக்குப் பின்னால் இருப்பது இதுதானா என்று பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்குச் சில வழிகள் சொல்கிறேன். கைபேசியில் வீடியோ தானாக ஓடுவதை நிறுத்திவிடுங்கள். மே மாதம் கான், செப்டம்பரில் வெனிஸ் விழாக்களில் பரிசு பெறும் படங்களின் பெயரையும் இயக்குநரையும் மட்டும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். அவற்றில் சில டிசம்பரில் நம் ஊருக்கே வந்துவிடும். விழாக் கையேட்டில் நாடு, மொழி, நீளம் பாருங்கள். அதற்குக் கீழே உள்ள பத்தியைப் படிக்க வேண்டாம்.

அந்தப் பத்தி அண்ணனுக்கு உதவும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறியதும் அவருக்குப் படித்துச் சொல்லலாம், மண்ணடி வருவதற்குள் முடிந்துவிடும் என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். அதைவிட நல்ல வழி ஒன்று தோன்றுகிறது. வரும் டிசம்பரில் அவருக்கு விடுமுறை கிடைக்கும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாளின் பட்டியலில் வசனம் குறைவான, ஒன்றரை மணி நேரப் படங்களை மட்டும் விழாவுக்குப் போய்வரும் ஒரு தோழியிடம் குறிக்கச் சொல்லுங்கள். கதையையும் அண்ணனுக்கு அவரே விளக்கட்டும். கடலோ கால்பந்தோ, பிடித்ததை அண்ணன் தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் ஒன்றும் கேட்காமல் அவருடன் போங்கள். படத்தின் பெயரைக்கூட உள்ளே போய் உட்கார்ந்த பிறகு அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.