பூசானின் சந்தைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தென் கொரியாவின் கோஜே தீவில் கப்பல் கட்டும் தளமொன்றில் என் மகன் பொறியாளராகப் பணிபுரிகிறான். அவனைப் பார்ப்பதற்காக நானும் என் மனைவியும் வரும் அக்டோபரில் செல்லவிருக்கிறோம். வார இறுதி நாட்களில் எங்களைப் பூசான் நகருக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறான். ஷின்செகே என்ற பெரிய வணிக வளாகம், ஹேயுண்டே கடற்கரை, வண்ண வீடுகள் நிறைந்த காம்ச்சொன் கிராமம் ஆகியவற்றை அவன் குறித்து வைத்திருக்கிறான். என் மனைவியோ முகப்பூச்சு, கடற்பாசி, மருமகளுக்குப் போர்வை என்று இப்போதே நீண்ட பட்டியல் ஒன்றை எழுதி வைத்திருக்கிறாள்.

நான் ஈரோட்டில் ஜவுளி வணிகம் செய்து ஓய்வு பெற்றவன். கடல் கடந்து போயும் கடை ஏறி இறங்குவது வீண் என்பது என் எண்ணம். பெருங்கடைகளில் பொழுதைக் கழிப்பவர் எந்த ஊரையும் பார்க்காமலேயே திரும்புகிறார் என்று நீங்களும் முன்பு ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். கடைகளைத் தவிர்த்துவிட்டுப் பூசானில் எதைப் பார்க்கலாம்? தமிழ் இளவரசியின் கல்லறை அங்கே இருப்பதாகச் சொல்கிறார்களே, அதைப் பார்க்கத்தான் வேண்டுமா? நாங்கள் சைவ உணவினர் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

இரா. செல்வம், ஈரோடு

அன்புள்ள செல்வம்,

பெருங்கடைகளைப் பற்றி நான் எழுதியதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதே அளவுகோலைப் பூசானின் சந்தைகளுக்கும் நீங்கள் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சியோலுக்குப் போகிறவர் அரண்மனைகளைப் பார்க்கலாம், கியோங்ஜூவுக்குப் போகிறவர் சில்லா மன்னர்களின் புல்மேடிட்ட கல்லறைகளைப் பார்க்கலாம். பூசானின் வரலாறு அதன் சந்தைகளில்தான் கிடக்கிறது. கடைகளைத் தவிர்த்துவிட்டுப் பூசானைப் பார்ப்பதென்றால் ஒரு நல்ல கடற்கரையும் சில பாலங்களும் மட்டுமே மிஞ்சும். ஆகவே உங்கள் மனைவியின் பட்டியலையே வழிகாட்டியாகக் கொள்ளுங்கள் என்று சொல்வேன்.

காரணம் இதுதான். 1950 ஜூன் 25 அன்று கொரியப் போர் தொடங்கிய மூன்றே நாட்களில் சியோல் வடகொரியப் படையிடம் வீழ்ந்தது. ஆகஸ்ட் மாதத்துக்குள் தென்கிழக்கு மூலையில் ஒரு சிறு நிலப்பகுதியைத் தவிர மற்ற அனைத்தும் கைவிட்டுப் போயின. அந்த மூலையின் துறைமுகமான பூசான் நாட்டின் தற்காலிகத் தலைநகராயிற்று. இடையில் சியோல் மீட்கப்பட்டு மீண்டும் இழக்கப்பட்டதால், 1953இல் போர்நிறுத்தம் ஏற்படும் வரை பெரும்பாலான காலம் அரசாங்கமும் பல்கலைக்கழகங்களும் பல இலட்சம் அகதிகளும் இந்த ஒரே ஊருக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். 1949இல் ஐந்து இலட்சத்துக்கும் குறைவாக இருந்த மக்கள்தொகை 1955இல் பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. உங்கள் மகன் வேலை செய்யும் கோஜே தீவுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1950 டிசம்பரில் வடக்கேயுள்ள ஹுங்னாம் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 14,000 அகதிகளை ஏற்றிக்கொண்டு வந்த மெரடித் விக்டரி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலுக்கு, இனி ஒருவருக்கும் இடமில்லை என்ற நிலையிலிருந்த பூசானில் அனுமதி கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸ் நாளன்று அது கோஜேயில்தான் போய் நின்றது.

நிலமோ வேலையோ இல்லாமல் வந்து இறங்கிய இத்தனை பேரும் பிழைப்பதற்கு இருந்த ஒரே வழி, கையில் கிடைத்ததை விற்பது. நாம்போதோங் பகுதியிலுள்ள குக்ஜே சந்தை அப்படி வளர்ந்தது. 1945இல் ஜப்பானிய ஆட்சி முடிந்தபோது ஊர் திரும்பிய ஜப்பானியர்கள் தங்கள் வீட்டுச் சாமான்களை ஒரு வெற்றிடத்தில் விற்றதும், ஜப்பானிலிருந்து திரும்பி வந்த கொரியர்கள் அதே இடத்தில் கடை விரித்ததும் அதன் தொடக்கம். போர்க்காலத்தில் அகதிகள் வந்து சேர்ந்த பிறகு, இராணுவ முகாம்களிலிருந்து கசிந்த பொருள்களும் நிவாரணத் துணிகளும் துறைமுகம் வழியாகக் கள்ளத்தனமாக வந்தவையும் அங்கே கைமாறின. 1953 ஜனவரியில் பெருந்தீ ஒன்று சந்தையை அழித்தது, மீண்டும் கட்டிக்கொண்டார்கள். இன்று ஆறு பிரிவுகளாக, பெரும்பாலும் இரண்டு மாடிக் கட்டடங்களாக நிற்கும் அதில் போர்வை, துணி, பாத்திரம், விளக்கு, மூக்குக் கண்ணாடி என்று ஒவ்வொரு சந்துக்கும் ஒரு சரக்கு உண்டு. மருமகளுக்கான போர்வையை இங்கேயே வாங்கலாம். ஜவுளிக்காரரான உங்களுக்கு இதைவிடச் சுவையாக இருக்கக்கூடியது பொமில் நிலையத்துக்கு அருகிலுள்ள பூசான்ஜின் சந்தை. திருமணச் சீர், படுக்கை விரிப்பு, கொரிய மரபுடையான ஹான்போக் ஆகியவற்றுக்குப் பெயர்பெற்ற இடம் அது. துணியை விரலால் தேய்த்துப் பார்க்கும் வாடிக்கையாளரை அங்குள்ள கடைக்காரர்களுக்குப் பிடிக்கும். மொழி தெரியாதது அந்த நேரத்தில் பெரிய குறையாகத் தோன்றாது.

குக்ஜே சந்தையிலிருந்து ஒரு சாலையைக் கடந்தால் புப்யோங் கங்தோங் சந்தை வரும். அமெரிக்க முகாம்களிலிருந்து வந்த தகர டப்பா உணவுகள் இங்கே குவிந்ததால் டப்பாச் சந்தை என்ற பொருளில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இறக்குமதி மிட்டாய்களும் மதுவும் மருந்துத் தைலங்களும் அடுக்கிய கடைகள் இன்னும் சில அங்கே இருக்கின்றன. 2013 முதல் இரவுச் சந்தையும் நடக்கிறது. கூட்டம் பிடிக்காதவரானால் மாலைக்கு முன்பே போய்விடுங்கள்.

அங்கிருந்து நடக்கும் தொலைவில் போசுதோங் பழைய புத்தகச் சந்து இருக்கிறது. வடக்கிலிருந்து வந்த ஓர் அகதித் தம்பதியர் அமெரிக்க முகாம்கள் கழித்துப் போட்ட பத்திரிகைகளை ஒரு வீட்டின் இறவாரத்தடியில் வைத்து விற்றதில் தொடங்கியது என்பார்கள். மலைச்சரிவுகளில் கூடாரம் அடித்துப் பாடம் நடத்திய பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போகும் மாணவர்கள் அந்த வழியே நடந்ததால், பசிக்காகப் புத்தகத்தை விற்றவர்களும் படிப்புக்காக வாங்கியவர்களும் அங்கே சந்தித்துக்கொண்டார்கள். உயிர் பிழைத்தால் போதும் என்றிருந்த ஊரில் பாடப்புத்தகத்துக்குச் சந்தை இருந்திருக்கிறது என்பது, கொரியா பிற்காலத்தில் எப்படி எழுந்தது என்று விளக்கும் பல நூல்களைவிட எனக்கு அதிகம் சொல்கிறது. கடைகள் இப்போது குறைந்துவருகின்றன. கொரிய மொழி படிக்கத் தெரியாவிட்டாலும் அங்கே அரைமணி நேரம் நில்லுங்கள்.

ஜகல்ச்சி மீன் சந்தையைச் சைவ உணவினரான உங்களிடம் வற்புறுத்த எனக்குத் தயக்கமாக இருக்கிறது. கொரியாவின் மிகப் பெரிய மீன் சந்தைகளில் ஒன்றான அதைப் பெரும்பாலும் நடத்துபவர்கள் பெண்கள். போரில் கணவனை இழந்தவர்களும், வேலையில்லாத கணவர்களைக் கொண்டவர்களும் அண்டாவில் மீனை வைத்துக்கொண்டு கரையோரம் உட்கார்ந்ததில் உருவான மரபு அது. வாடையைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால் வெளிப்புறத் தெருவிலுள்ள கருவாட்டுக் கடைகள் வரையாவது நடந்து பாருங்கள். மனைவி தேடும் கடற்பாசி அங்கேதான் கட்டுக் கட்டாக விற்கும். பூசானை ஒட்டிய கிஜாங் கடற்கரையில் விளையும் மியோக் என்ற கடற்பாசிக்கு நாடெங்கும் மதிப்புண்டு. உலர்ந்த நிலையில் எடை குறைவு என்பதால் பெட்டியிலும் இடத்தை அடைக்காது.

இவ்விடங்களில் விலையைப் பற்றி ஒரு சொல். பெரும்பாலான கடைகளில் விலை எழுதி ஒட்டியிருக்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் பாதியாகக் கேட்டால் முகம் சுருங்கும். இரண்டு மூன்று பொருளாக எடுத்துவிட்டுச் சிரித்தபடி நின்றால் விலையைக் குறைப்பதைவிடக் கொசுறு சேர்த்துத் தருவதே அவர்கள் வழக்கம். வயதானவர்களின் கடைகளில் ரொக்கம் செல்லும் அளவுக்கு அட்டை செல்லாது. பணத்தை இரு கைகளாலும் கொடுங்கள், அல்லது வலக்கையை இடக்கையால் தாங்கிக் கொடுங்கள். முகப்பூச்சு வகைகளை மட்டும் சந்தையில் தேட வேண்டாம். பக்கத்திலேயே இருக்கும் குவாங்போக் சாலையின் கடைகளில், வரித் திரும்பளிப்பு அறிவிப்பு உள்ளவற்றில், ஒரே முறையில் 15,000 வொன்னுக்கு மேல் வாங்கினால் கடவுச்சீட்டைக் காட்டி அங்கேயே வரியைக் கழித்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் மகனின் பட்டியல். காம்ச்சொன் பார்வைக்கு மிக அழகான இடம் என்பதில் ஐயமில்லை. 1950களில் தேகுக்தோ என்ற சமயப் பிரிவினரும் அகதிகளும் குடியேறி, ஒரு வீடு மற்றொன்றின் வெளிச்சத்தை மறைக்காதபடி மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டிக்கொண்ட ஏழைக் குடியிருப்பு அது. 2009இல் தொடங்கிய கலைத் திட்டத்துக்குப் பிறகு சுவர்களில் ஓவியங்களும் சந்துகளில் சிற்பங்களும் வந்தன, பின்னாலேயே பயணிகளும் வந்தார்கள். அங்கே நடக்கும்போது எனக்கு ஏற்படும் சங்கடத்தை மறைக்க விரும்பவில்லை. துணி காயும் கொடிக்கு அடியில் நின்று மக்கள் படம் எடுக்கிறார்கள்; மெதுவாகப் பேசுங்கள், இது குடியிருப்பு என்று பலகைகள் கெஞ்சுகின்றன. சந்தையில் நம்மைப் பார்த்து மகிழ ஒரு கடைக்காரருக்குக் காரணம் இருக்கிறது. தன் வீட்டு வாசலில் நம்மைப் பார்த்து மகிழ ஒரு முதியவருக்கு என்ன காரணம் இருக்க முடியும்? பொருள் வாங்கும் பயணியைவிட வேடிக்கை மட்டும் பார்க்கும் பயணி மேலானவர் என்ற எண்ணத்தை நான் ஐயுறத் தொடங்கியது இத்தகைய இடங்களில்தான். காம்ச்சொனுக்கு அருகிலுள்ள அமிதோங் பகுதியில் நிலைமை இன்னும் கனமானது. ஜப்பானியரின் கல்லறைத் தோட்டத்தின் மீது அகதிகள் வீடு கட்டியபோது கல்லறைக் கற்களே கடைக்காலாகவும் படிக்கட்டாகவும் ஆயின. அவற்றில் சில இன்றும் வெளியே தெரிகின்றன. போவதானால் முற்பகலில், குறைந்த பேராக, அமைதியாகப் போய் வாருங்கள்.

ஷின்செகே வளாகம் 2009இல் திறக்கப்பட்டு உலகின் மிகப் பெரிய பல்பொருள் அங்காடி என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. வெந்நீர்க் குளியலகமும் உள்ளேயே உண்டு. அது நிற்கும் செண்டம் சிட்டி பகுதி, போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படை பயன்படுத்திய பழைய விமானத் தளம். அந்தச் செய்தியைத் தவிர அங்கே சொல்வதற்கு எனக்கு ஒன்றுமில்லை. மழை பெய்தால் போங்கள். ஹேயுண்டே கடற்கரை அக்டோபரில் கூட்டமின்றி இருக்கும், மாலை நடைக்கு நல்லது.

மகன் குறிக்காத ஓர் இடம் தேஜோங்தே. யொங்தோ தீவின் நுனியில், பாறைகள் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும் பூங்கா. அதன் நுழைவுப் பகுதிக்கு அருகே, போரில் படை அனுப்பாமல் மருத்துவ உதவி மட்டும் அனுப்பிய இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளுக்கு 1976இல் எழுப்பிய நினைவுச்சின்னம் இருக்கிறது. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையிலான இந்திய இராணுவத்தின் 60ஆவது வான்குடைக் கள மருத்துவப் பிரிவு 1950 நவம்பரில் வந்திறங்கியது இதே பூசான் துறைமுகத்தில்தான். இந்தியாவுக்கும் இந்நகரத்துக்கும் உறுதியான தொடர்பு வேண்டுமென்றால் அது இங்கே இருக்கிறது.

நீங்கள் கேட்ட இளவரசியின் கதை அத்தனை உறுதியானதன்று. அயுதா நாட்டிலிருந்து கி.பி. 48இல் கடல்வழியே வந்து காயா நாட்டு மன்னர் சுரோவை மணந்த ஹோ ஹ்வாங்-ஓக் பற்றிச் சொல்லும் நூல் சம்குக் யூசா. அது தொகுக்கப்பட்டது 13ஆம் நூற்றாண்டில். நிகழ்வுக்கும் பதிவுக்கும் இடையே ஆயிரத்திருநூறு ஆண்டுகள். அயுதா என்பது அயோத்தி என்று ஒரு தரப்பும், குமரிமுனை ஆய் நாடு என்று நம்மவர்களில் ஒரு தரப்பும் வாதிடுகின்றன. இரண்டுக்கும் அந்தக் காலத்துச் சான்று கிடையாது. ஆனாலும் கிம்ஹே கிம், கிம்ஹே ஹோ என்ற இரு பெருங்குலத்தார் தம்மை அவர்களின் வழித்தோன்றல்களாகக் கருதி, தங்களுக்குள் மணம் செய்துகொள்வதைக் காலங்காலமாகத் தவிர்த்து வந்திருக்கிறார்கள் என்பது மதிக்கத்தக்க செய்தி. கல்லறை இருப்பது பூசானில் அன்று, பக்கத்து நகரமான கிம்ஹேயில்; பூசான் மெட்ரோவிலிருந்து அங்கே இலகு இரயில் செல்கிறது. சுரோ மன்னர் கல்லறை நிலையத்தில் இறங்கினால் அரசி கல்லறையும், கப்பலில் அவருடன் வந்ததாகச் சொல்லப்படும் கற்கள் அடுக்கிய சிறு கோபுரமும் நடக்கும் தொலைவுதான். பாதி நாளுக்கு நல்ல பயணம். பெருமை தேடிப் போகாமல் கதை கேட்கப் போனால் ஏமாற்றம் இராது.

உணவில் எச்சரிக்கை தேவை. கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ கலந்திருக்கும். நூடுல்ஸ் சாற்றில் நெத்திலியோ எலும்போ இருக்கும். சந்தையில் நம்பிச் சாப்பிடத்தக்கவை: விதைகள் திணித்த இனிப்பு அப்பமான ஹோத்தோக், சிவப்புப் பயற்றங்கஞ்சி, பூசணிக் கஞ்சி, வறுத்த கஷ்கொட்டை, அக்டோபரில் குவியும் சீமைப் பனிச்சம்பழம். உணவகத்தில் இறைச்சியும் முட்டையும் இல்லாத பிபிம்பாப் (காய்கறி கலந்த சோறு) வேண்டுமென்று மகனைக் கொரிய மொழியில் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நாட்களைத் தெரிவு செய்வதில் இரண்டு செய்திகள். சூசோக் என்ற அறுவடைப் பெருநாள் செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும். அந்நாட்களில் சந்தைகள் மூடிக் கிடக்கும். குக்ஜே சந்தையின் கடைகள் மாதத்தின் முதலாம், மூன்றாம் ஞாயிறுகளில் விடுமுறை விடுபவை. ஆகவே நாம்போ பகுதிக்குச் சனிக்கிழமையை ஒதுக்குங்கள். அதில் மற்றொரு வசதியும் இருக்கிறது. 1934இல் முதலில் கட்டப்பட்ட யொங்தோ பாலத்தின் ஒரு பகுதியைச் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குச் சிறிது நேரம் தூக்கிக் காட்டுகிறார்கள். போரின்போது, வழியில் பிரிந்துவிட்டால் அந்தப் பாலத்தடியில் சந்திப்போம் என்று சொல்லிக்கொண்டு தெற்கே நடந்த குடும்பங்கள் ஏராளம். காத்திருந்தவர்களின் கவலையை நம்பிக் குறிசொல்பவர்கள் அங்கேயே ஒரு தெருவாகக் கடை போட்டிருந்தார்களாம். காலையில் போசுதோங்கில் தொடங்கி, குக்ஜே சந்தையில் போர்வை வாங்கி, ஒன்றரை மணிக்கெல்லாம் பாலத்துக்குப் போய்விடுங்கள். அன்று பாலம் தூக்கப்படுகிறதா என்பதை மட்டும் மகன் முதல் நாளே விசாரித்து வைக்கட்டும்.