சாதி பார்த்து ஓட்டுப் போட்டால் அது சாதிவெறியா?

யாருக்கு, ஏன் போட்டீர்கள் என்று சட்டம் உங்களைக் கேட்காது. ஆனால் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளரோ அவருடைய ஏஜென்டோ "நம்ம சாதிக்காரருக்குப் போடுங்க" என்று கேட்டால், 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) பிரிவின்படி முறைகேடு, வெற்றியே ரத்தாகலாம். வாக்காளரின் சாதியைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடக்கம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நியாயப்படி? உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 1996-ல் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினர் அவர்களை வேட்புமனுப் போட விடாமலும், ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்யவைத்தும் 2006 வரை இழுத்தடித்தார்கள். மேலூர்ப் பக்கம் மேலவளவில், ஊராட்சித் தலைவரான பட்டியல் சாதிக்காரர் முருகேசனை 1997-ல் வெட்டிக் கொன்றார்கள். "இவனுக்குக் கீழே நாமளா" என்கிற அந்த எண்ணம்தான் சாதிவெறி, ஓட்டில் வந்தாலும் சரி. நாற்காலியே மறுக்கப்பட்டவர்கள் தங்களில் ஒருவருக்குப் போடுவதை அதோடு சேர்த்துப் பேசுவது அநியாயம்.