எடை மெஷினா, அளவு பிளவுஸா?

கேள்வி: ஐந்து மாதமாக வீட்டுக்குப் பக்கத்து ஜிம்மில் எடை தூக்கிப் பயிற்சி செய்கிறேன். மெஷினில் ஒரே ஒரு கிலோதான் குறைந்திருக்கிறது. ஆனால் அளவு பிளவுஸ் தொளதொளவென்று ஆகிவிட்டது. 'என்ன இப்படி இளைச்சிட்டே?' என்று தெருவே கேட்கிறது. மெஷின் பொய் சொல்கிறதா, பிளவுஸ் பொய் சொல்கிறதா?

– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டும் உண்மைதான் சொல்கின்றன. நீங்கள் இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள், அதுதான் குழப்பம்.

விளக்கத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் 'அளவு பிளவுஸ்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். வெளுத்துப்போய், கை ஓரம் நைந்து, பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் ஒரு பிளவுஸ். அதை யாரும் உடுத்துவதில்லை. புதுத் துணியோடு தையல்கடைக்குப் போகும், தைத்த துணியோடு வீடு திரும்பும். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி அந்த வீட்டில் இருக்கும் மிகச் சரியான ஆவணம் அதுதான். 'உங்க வெயிட் என்னம்மா?' என்று கேட்டுவிட்டு ஜாக்கெட் தைத்த தையல்காரரை நான் பார்த்ததில்லை. அவருக்குக் கிலோ எதற்கு? உடம்பு எவ்வளவு இடத்தை அடைக்கிறது, எங்கே எத்தனை அங்குலம் சுற்றளவு என்பதுதான் அவருக்கு வேண்டும்.

நான் படித்த வாய்ப்பாட்டுப் புத்தகத்தில் மூன்று அளவைகள் இருந்தன: நிறுத்தல் அளவை, முகத்தல் அளவை, நீட்டல் அளவை. தங்கத்தையும் புளியையும் நிறுப்பார்கள். நெல்லையும் பாலையும் முகந்து அளப்பார்கள். துணியை நீட்டி அளப்பார்கள். எங்கள் பாட்டி மரக்காலால் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்ல மாட்டாள், 'லாபம்' என்பாள். 'லாபம், ரெண்டு, மூணு' என்று அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஈர நெல்லும் காய்ந்த நெல்லும் மரக்காலில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மூட்டையைத் தூக்கினால் வேறு என்பது அவளுக்குத் தெரியும். எதை நிறுப்பது, எதை முகப்பது என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1956இல் சட்டம் வந்து மெட்ரிக் அளவை நாடெங்கும் பரவிய பிறகு வீசை போயிற்று, படி போயிற்று, அரிசியும் கிலோவுக்கு வந்துவிட்டது. வியாபாரத்துக்கு அது நல்லதுதான். ஆனால் அரிசியோடு சேர்த்து நம் உடம்பையும் நிறுத்தலுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டோம் என்பது என் நெடுநாள் வருத்தம். மற்ற இரண்டு அளவைகளை இன்றைக்கும் காப்பாற்றி வைத்திருப்பவர் தையல்காரர்.

சரி, உங்கள் விஷயம். ஒரு படி அரிசியையும் ஒரு படி பொரியையும் தூக்கிப் பாருங்கள். இரண்டும் அரிசிதான், இரண்டும் ஒரே படிதான், எடை எங்கேயோ இருக்கிறது. அதையே திருப்பிப் போட்டால், ஒரு கிலோ அரிசி டப்பாவுக்குள் அடங்கும், ஒரு கிலோ பொரிக்குச் சாக்கு வேண்டும். உடம்பில் பொரியின் இடத்தில் கொழுப்பு, அரிசியின் இடத்தில் தசை. ஆனால் பொரிக்கும் அரிசிக்கும் உள்ள அவ்வளவு பெரிய வித்தியாசம் இங்கே இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சுமார் 1.1 லிட்டர் இடத்தை அடைக்கும். ஒரு கிலோ தசைக்கு 0.95 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவே போதும். 'கொழுப்பைவிடத் தசைக்கு எடை அதிகம்' என்று ஜிம்மில் சொல்வார்கள். கிலோ என்றால் எதுவானாலும் கிலோதான். தசைக்கு இடம் குறைவு என்று சொல்வதுதான் சரி.

இப்போது கணக்குப் போடுவோம். உங்களுக்கு நாலு கிலோ கொழுப்பு கரைந்து, மூன்று கிலோ தசையும் அதோடு சேர்ந்த நீரும் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் ஒரு கிலோ என்கிறது. ஆனால் போன கொழுப்பு ஏறக்குறைய நாலரை லிட்டர், வந்த தசை மூன்று லிட்டருக்கும் குறைவு. ஒன்றரை லிட்டருக்கு மேல் உடம்பு சுருங்கியிருக்கிறது. அதிலும் கொழுப்பு கழிந்தது மார்பிலும் முதுகிலும் புஜத்திலும், தசை கூடியது பெரும்பாலும் தொடையிலும் காலிலும் என்றால் பிளவுஸ் தொளதொளக்காமல் என்ன செய்யும்? புதிதாக எடை தூக்கத் தொடங்குகிறவர்களுக்கு முதல் சில மாதங்களில் இப்படிக் கொழுப்பு கழிவதும் தசை கூடுவதும் சேர்ந்தே நடக்கும். இன்னொன்றும் உண்டு. முதுகுத் தசை உரம் பெற்றதும் நிமிர்ந்து நிற்க ஆரம்பிக்கிறோம். கூன் போனாலே பார்க்கிறவர் கண்ணுக்கு வயிறு பாதி போன மாதிரிதான்.

அப்புறம் அந்த 'இளைச்சிட்டே'. அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய சண்டை உண்டு, இந்தப் பக்கத்தின் நெடுநாள் வாசகர்களுக்குத் தெரியும். நம் மொழியில் இளைப்பது என்றால் மெலிவது, அதோடு சோர்வதும்தான். 'இளைப்பாறு' என்கிறோம். மூச்சு வாங்குவதை 'இளைப்பு' என்கிறோம். 'நான் என்ன அவனுக்கு இளைத்தவனா?' என்று சண்டைக்குப் போகிறோம். மெலிந்தவன் தோற்றவன் என்று மொழியே முடிவு செய்துவிட்டது. இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்த சமூகம் இது. காசநோய்க்கு 'எலும்புருக்கி' என்று பேர் வைத்த சமூகம். அந்தக் காலத்தில் ஒருவர் மெலிந்தால் அது பசி அல்லது நோய். அதனால்தான் உங்கள் தெருவில் கேட்கிறவர்களின் குரலில் பாதி பாராட்டும் பாதி பயமும் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். முயற்சி ஏதும் செய்யாமலே எடை இறங்கினால், கூடவே தாகமும் அசதியும் இருந்தால், உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை, தைராய்டு, காசநோய் எதுவாகவும் இருக்கலாம்.

ஆனால் நீங்கள் இளைக்கவில்லை. உங்களுக்கு நடந்திருப்பதற்குச் சரியான சொல் 'இறுகுவது'. 'உடம்பு இறுகியிருக்கு', 'உடம்பு கட்டுக்கு வந்திருக்கு' என்று கர்லாக்கட்டை சுற்றியவர்களைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். எத்தனை கிலோ என்று அவர்கள் கேட்டதில்லை. எத்தனை தண்டால், எத்தனை பஸ்கி என்று கேட்பார்கள். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியில் இறுகியவனுக்கு இடமில்லாமல் போனது எனக்குக் குறைதான். அவனுக்கும் கொள்ளையே கொடுக்கலாம், நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது.

உங்கள் நிலைக்கு நேர் எதிரான ஒன்றும் இருக்கிறது, அதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. 'பத்து நாளில் ஐந்து கிலோ' என்ற விளம்பரங்கள். இந்த இதழில் அவற்றைப் போடுவதில்லை, எத்தனை பேர் பணம் தருகிறேன் என்று வந்தாலும் போடப்போவதில்லை. சோற்றையும் இட்லியையும் திடீரென்று நிறுத்தினால் தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து முதலில் செலவாகும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து வெளியேறினால் சில நாளிலேயே ஒன்றரை, இரண்டு கிலோ 'குறைந்துவிடும்'. கொழுப்பு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அதற்கு மேலும் பட்டினி கிடந்தால் தசையும் கரையும். மெஷினில் எண் இறங்கும், கன்னம் ஒட்டும், கை சூம்பும், தொப்பை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் போன கிலோ திரும்பி வரும், தசை அவ்வளவு எளிதில் வராது. இப்படி ஏமாந்து, குற்றம் தங்கள்மேல்தான் என்று நினைத்து எனக்குக் கடிதம் எழுதும் பெண்கள் எத்தனை பேர்!

மெலிந்த இந்தியர் என்றால் கொழுப்பு இல்லாதவர் என்று பொருளல்ல. புணேயின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த நீரிழிவு நிபுணர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த ஒரு படம் 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதமான பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றேதான், 22.3. உடலில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்து பார்த்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். மெஷினுக்கு இருவரும் ஒன்று. எதிர்ப்பக்கத்துக்கும் உதாரணம் உண்டு. 1942இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கேவின் குழு தொழில்முறை 'அமெரிக்கன் ஃபுட்பால்' வீரர்கள் 25 பேரை நீருக்குள் அமிழ்த்தி எடை பார்த்தது. உயர-எடை அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் 'அதிக எடை', ராணுவத்துக்கே ஆகாதவர்கள். நீருக்குள் பார்த்தபோது அவர்களில் பெரும்பாலோர் உடம்பில் கொழுப்பு குறைவு, கனமெல்லாம் தசை. நீரில் அமிழ்த்திப் பார்ப்பது என்பது முகத்தல் அளவை இல்லாமல் வேறென்ன? பாட்டியின் மரக்கால்தான், கொஞ்சம் பெரியது.

ஒரு கிலோவுக்காக நீங்கள் வருந்துவதைப் படித்தபோது வினேஷ் போகட் நினைவுக்கு வந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 50 கிலோ மல்யுத்தத்தில் ஒரே நாளில் மூன்று பேரை வென்று இறுதிப் போட்டிக்கு வந்தார். மறுநாள் காலையில் எடை பார்த்தபோது 100 கிராம் கூடுதல். இரவெல்லாம் வியர்வை சிந்தி, முடியைக்கூட வெட்டிப் பார்த்தும் இறங்கவில்லை. தகுதி நீக்கம். முந்தைய நாள் காலை இதே தராசில் தேறியவர். ஒரே ராத்திரியில் அவர் பலம் மாறிவிட்டதா, உருவம் மாறிவிட்டதா? குடித்த நீரும் உண்ட உணவும் மாறின, அவ்வளவுதான். எனக்கு இன்றும் ஆறவில்லை. போட்டிக்கு விதி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்கு முன்னால் நடுவர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லையே? உப்பு தூக்கலாகச் சாப்பிட்ட மறுநாளும், மாதவிலக்குக்கு முந்தைய சில நாளும் உடம்பில் நீர் தங்கி, ஒரு கிலோ ஏறித் தெரிவது சகஜம். நீங்கள் ஐந்து மாதம் உழைத்து இறக்கிய அந்த ஒரு கிலோவை ஒரு ஊறுகாய்ப் பாட்டில் மறைத்துவிடும்.

அதனால் நீட்டல் அளவைக்கு வாருங்கள். ஒரு இன்ச் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல், மாதம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. உங்கள் வீட்டு ஆண்களுக்கும் டேப்பைக் கொடுங்கள். அவர்களிடம் அளவு பிளவுஸ் இல்லை, வேட்டியும் லுங்கியும்தான் இருக்கின்றன. அவை எவ்வளவு தொந்தி வந்தாலும் வாய் திறக்காமல் விட்டுக்கொடுக்கும்.

அந்தப் பழைய பிளவுஸைப் பிடித்துத் தைக்கக் கொடுத்துவிடாதீர்கள். அப்படியே மடித்து வையுங்கள். தையல்காரரிடம் நேரில் போய் நின்று, புதிதாக அளவு கொடுங்கள்.